வழிநூல் சொல்லாமல் விட்டது: ஒரு தீக்கோள விதியின் உரை வரலாறு

ஒரு பிழையை ஒப்புக்கொள்வதற்காகவே இந்தப் பதிவைத் தொடங்கினேன். எழுத எழுத நீண்டுவிட்டது. பிழை நிகழ்ந்தது ஒரு விளையாட்டில். ஆனால் அதற்குக் காரணம் விளையாட்டன்று, நான் படித்த படிப்பு. இலக்கண உரைகளில் பழகியவர்கள் இதை நிதானமாக வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், விளையாட்டின் விதிகளை முன்பே அறிந்திருக்க வேண்டியதில்லை.

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃபில், எங்கள் லைன் வீட்டின் முன்னறையில் ஞாயிறுதோறும் ஆறு பேர் கூடி ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம். வாரத்தின் மற்ற நாட்களில் இவர்களுள் நால்வர் விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு ரயிலேறுபவர்கள். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபின் இவ்வூரின் பெரும்பகுதி அந்த ரயிலில்தான் பிழைக்கிறது. விளையாட்டைப் பற்றி இரண்டு வரி: ஒவ்வொருவரும் ஒரு கதைப்பாத்திரத்தை ஏற்றுப் பேசுவர், முடிவெடுப்பர், பகடை சில முடிவுகளைத் தீர்மானிக்கும், ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காமல் உலகத்தையும் எதிரிகளையும் நடத்துவார், விதிகளுக்குப் பொருள் சொல்வார். எங்கள் குழுவில் அந்தப் பொறுப்பு என்னுடையது. மொழியியல் படித்தவன், உரைகளில் ஆய்வு செய்பவன், எனவே பொருள் சொல்லத் தகுந்தவன் என்று நண்பர்கள் எண்ணினார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

விளையாட்டு தொடங்கிய நாளிலேயே எங்கள் குழுவுக்கென ஒரு விதியை எழுதி வைத்தேன். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பே நமக்கு நூல். அதில் தெளிவில்லாத இடத்தில் பழைய பதிப்பைப் பார்க்க வேண்டும். இரண்டே வாக்கியம். எழுதியபோது அதில் எந்தச் சிக்கலும் தெரியவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் குழு ஒரு குகைப்பாதையில் நின்றது. பத்தடி அகலம், பத்தடி உயரம், நேராக நீளும் பாதை. அறுபதடிக்கு முன்னால் எதிரிகள். மந்திரவாதியாக ஆடும் நண்பர் ‘ஃபயர்பால்’ என்னும் தீக்கோள மந்திரத்தை எதிரிகளின் நடுவே எறிந்தார். 2014 பதிப்பின்படி அது இருபதடி ஆரமுள்ள கோளம்; தீ மூலைகளைச் சுற்றியும் பரவும். அவ்வளவே. அறுபதடி பின்னால் நின்ற எங்கள் ஆட்களுக்கு ஆபத்தில்லை என்று எறிந்தவர் கணக்கிட்டார். நான் மறுத்தேன். பத்தடி அகலமே உள்ள பாதையில் இருபதடி ஆரமுள்ள கோளம் அடங்காதே, மீதித் தீ எங்கே போகும்? நூல் இதைச் சொல்லவில்லை. எனவே பழைய பதிப்பைப் பார்க்க வேண்டும் என்றேன். 1978-ஆம் ஆண்டின் கையேடு ஐயமின்றிச் சொல்கிறது: தீ, தான் வெடிக்கும் இடத்தின் வடிவத்தை ஏற்கும், கோளத்தின் கன அளவு, ஏறத்தாழ 33,000 கன அடி, நிரம்பும்வரை பரவும். பத்தடிக்குப் பத்தடி பாதையில் 33,000 கன அடியை ஊற்றினால் 330 அடி நீளும். இருபுறமும் 165 அடி. எங்கள் ஆட்கள் நால்வரும் தீக்குள். எட்டுப் பகடைகளை உருட்டினோம். மூவர் பிழைத்தனர். ஒரு நண்பர் இரண்டாண்டாக ஆடிவந்த பூசாரிப் பெண் இறந்தாள்.

அவர் சண்டையிடவில்லை. “நூல்ல இல்லாததை வெச்சு எரிச்சிட்ட” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அந்த வாக்கியம்தான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. நூலில் இல்லாதது என்றால் என்ன? சொல்லாமல் விட்டது என்பது விலக்கியதா, உடன்பட்டதா?

தமிழ் இலக்கண மரபுக்கு இந்தக் கேள்வி பழையது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூலை மூவகைப்படுத்திய மரபு அது. வழிநூல் முதல்நூலோடு பெரிதும் ஒத்து, சில இடங்களில் வேறுபடும். வேறுபாட்டை வெளிப்படச் சொன்ன இடங்களில் தொல்லையில்லை. வாய் திறக்காத இடங்களே உரையாசிரியரின் களம். நன்னூல் பாயிரம் நூலுக்குரிய முப்பத்திரண்டு உத்திகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒன்று ‘பிறநூல் முடிந்தது தான் உடன்படுதல்’: வேறொரு நூலில் தீர்ந்துவிட்ட கருத்தைத் தானும் ஏற்றுக்கொள்வது. அதே பட்டியலில் இன்னொன்று ‘இறந்தது விலக்கல்’: வழக்கொழிந்ததை நீக்குவது. இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே தகுதியோடு நிற்கின்றன. ஒரு மௌனத்தைக் கண்டால் எந்த உத்தியைக் கையில் எடுப்பது என்று பட்டியல் சொல்வதில்லை. அன்று மாலை நான் முதல் உத்தியை எடுத்தேன். இரண்டாவது இருப்பதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

நன்னூலை இங்கே இழுப்பது செயற்கை என்று சிலர் கருதலாம். எங்கள் ஊருக்கும் அந்நூலுக்கும் ஒரு மெல்லிய உறவு உண்டு என்பதையாவது சொல்ல விடுங்கள். பவணந்தி முனிவரை நன்னூல் எழுதச் செய்தவன் சீயகங்கன். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன், கங்கர் குலத்தவன். கல்வெட்டில் அவனுக்குரிய விருதுகளுள் ஒன்று குவளாலபுரத்துக்கு இறைவன் என்பது. குவளாலபுரம் என்பது கோலார். நன்னூல் கோலாரில் எழுதப்பட்டது என்று நான் சொல்லவரவில்லை. கங்கர் அரசு சோழரிடம் வீழ்ந்து இருநூறு ஆண்டுகள் ஆனபின் வந்தவன் அவன். முன்னோர் ஆண்ட ஊரின் பெயர், ஆட்சி போனபின்னும் விருதில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொல் தான் பிறந்த இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. சொல்பவன் வேறு இடத்துக்கு வந்துவிட்டான். இதை நினைவில் கொள்க. தீக்கோளத்திலும் இதே நிகழ்ச்சியைக் காண்போம்.

நன்னூலிலேயே பெரிய மௌனம் ஒன்றும் உண்டு. சிறப்புப்பாயிரத்தின்படி சீயகங்கன் வேண்டியது ஐந்து இலக்கணத்தையும். நம் கையில் இருப்பவை எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் மட்டுமே. மற்ற மூன்றும் எழுதப்பட்டு அழிந்தனவா, எழுதப்படவே இல்லையா? இந்த ஐயம் இன்றும் வகுப்பறைகளில் எழுகிறது. எழுதப்பட்டு அழிந்தன என்று கொள்பவர்களும் எழுதப்படவில்லை என்று கொள்பவர்களும் சுட்டிக்காட்டுவது ஒரே பாயிரத்தைத்தான்.

இனி, தீக்கோளத்தின் வரலாறு.

1971-இல் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரென் இருவரும் ‘செயின்மெயில்’ என்னும் போர்விளையாட்டு விதிநூலை அமெரிக்காவில் வெளியிட்டனர். மணல்பரப்பிய மேசையில் ஈயப்பொம்மைப் படைகளை நகர்த்தி இடைக்காலப் போர்களை ஆடுவதற்கான விதிகள் அவை. பின்னிணைப்பாக மந்திரவாதிகளையும் அரக்கர்களையும் சேர்த்திருந்தார்கள். மந்திரவாதியின் தீக்கோளம் அங்கே புதிய பொருளன்று. பெரிய கல்லெறி பொறி ஒன்று மேசையில் எவ்வளவு பரப்பைத் தாக்குமோ அவ்வளவே இதுவும் தாக்கும் என்று முடித்துவிட்டார்கள். இருந்த விதியை எடுத்து இன்னொன்றுக்குப் பொருத்தியது. நம் மரபில் மாட்டெறிதல் என்போம். மந்திரவாதி என்பவன் இரண்டு கால் முளைத்த பீரங்கி, அவ்வளவுதான். திறந்த வெளியில் போர் நடந்தவரை இதில் எந்த மயக்கமும் இல்லை.

மயக்கம் வந்தது நிலத்தடியில் இறங்கியபோது. மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் தம் நண்பர்களைக் கோட்டையின் கீழுள்ள சுரங்கப்பாதைகளுக்குள் அழைத்துச்சென்று ஆடவைத்தார். அவரும் கைகாக்சும் சேர்ந்து 1974-இல் மூன்று சிறு நூல்களாக வெளியிட்டதுதான் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அதில் தீக்கோளத்தின் ஆரம் இரண்டு அங்குலம். மணல்மேசையின் அளவு, மேசையை விட்டு வந்தபின்னும் அங்குலமாகவே நின்றது. நிலத்தடியில் ஓர் அங்குலம் என்றால் பத்தடி. வெளியில் ஓர் அங்குலம் என்றால் பத்து கஜம். அப்படியானால் குகையில் இருபதடி ஆரமுள்ள தீ, வயல்வெளியில் அறுபதடியாக வளருமா? ஆரம் மும்மடங்கு, கன அளவு இருபத்தேழு மடங்கு. ஒரே மந்திரவாதி, ஒரே மந்திரம், வாசலுக்கு வெளியே ஓரடி வைத்ததும் இருபத்தேழு மடங்கு வலிமை.

மொழியியல் மாணவருக்கு இந்த அங்குலம் வேடிக்கையான பொருள். ‘இங்கே’, ‘இப்போது’ போன்ற சுட்டுச்சொற்களுக்குப் பேசுபவர் நிற்கும் இடமும் காலமும்தான் பொருள் தருகின்றன. அளவைப் பெயர்கள் அப்படியல்ல. இடம் மாறினும் மாறாமலிருப்பதற்காகவே அளவை ஏற்பட்டது. 1974-இன் அங்குலமோ அளவையின் உடையில் நடமாடிய சுட்டுச்சொல். நான்காண்டுகள் கழித்து வந்த கையேட்டில் கைகாக்ஸ் இதற்குத் தாமே உரை எழுத வேண்டியதாயிற்று: எறியும் தொலைவு வெளியில் கஜமாகலாம், தாக்கும் பரப்பு ஒருபோதும் கஜமாகாது. முதல்நூலாசிரியனே வழிநூலும் செய்து, தன் நூலுக்கே உரையும் சொல்லும் நிலை.

அதே 1974 நூலில் இன்னொரு குறிப்பும் உண்டு. ஒடுங்கிய இடத்தில் தீ அவ்விடத்தின் வடிவத்தை ஏற்கும் என்று சொல்லி, நீளலாம் அல்லது எப்படியாவது ஆகலாம் என்ற தோரணையில் அடைப்புக்குறிக்குள் கைகழுவியிருக்கிறார்கள். எவ்வளவு நீளும் என்பதில்லை. நன்னூல் நூற்குற்றம் பத்து என்கிறது. அவற்றுள் ‘மயங்க வைத்தல்’ ஒன்று, ‘குன்றக் கூறல்’ வேறொன்று. இக்காலத்து விவாதங்களில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எல்லாவற்றையும் தெளிவின்மை என்று சொல்லிவிடுகிறோம். அங்குலத்தில் நிகழ்ந்தது மயங்க வைத்தல்: இரு பொருள் தெளிவாக நிற்கின்றன, எது என்று தெரியவில்லை. தீயின் நீளத்தில் நிகழ்ந்தது குன்றக் கூறல்: பொருள் ஒன்றே, அளவு சொல்லப்படவில்லை. முன்னதற்குத் தேர்வு வேண்டும்; பின்னதற்கு நிரப்பல் வேண்டும். என் மேசையில் நான் இந்த வேறுபாட்டையும் பார்க்கவில்லை.

ஆனால் குன்றக் கூறியதைக் குற்றமென்றும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. 1974-இன் முடிவுரையில் ஆசிரியர்கள், ஐயம் வந்தால் நீங்களே முடிவு செய்யுங்கள், உங்கள் கற்பனையை நாங்கள் ஏன் செய்துதர வேண்டும் என்ற பொருள்படவே எழுதினார்கள். விளைவு, ஊருக்கு ஓர் ஆட்டம். அடுத்த ஐந்தாண்டுகளில் கைகாக்சின் மனம் மாறியது. எங்கு ஆடினாலும் ஒரே ஆட்டமாக இருக்க வேண்டும் என்று விரும்பி, 1977 முதல் 1979 வரை கனத்த மூன்று நூல்களாக விதிகளை விரித்தார். 33,000 கன அடி என்ற எண் பிறந்தது அப்போதுதான். 1979 நவம்பரில் ‘டிராகன்’ இதழில் ஐயங்களுக்கு விடை சொல்லும் பகுதி தொடங்கியது. முதல் விடைகளை எழுதியவர் ஜீன் வெல்ஸ் என்னும் பெண்மணி. ஐந்தே ஆண்டில் சூத்திரம், விருத்தியுரை, வினாவிடை மூன்றும் தோன்றிவிட்டன. நமக்கு இதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஆசிரியர் உயிரோடிருந்து விடை சொல்வது உரைக்கு வசதி என்று தோன்றும். அப்படியில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2014 பதிப்பில் மறைந்திருப்பவரைத் தாக்குவது கடினம், அவர் தாக்குவது எளிது என்று ஒரு விதி. மறைந்திருப்பவரைக் காணும் ஆற்றலைத் தரும் மந்திரம் ஒன்று. அம்மந்திரத்தால் அவரைக் கண்டுவிட்ட ஒருவருக்கும் அந்தக் கடினம் நீடிக்குமா? நீடிக்கும் என்றார் அப்பதிப்பின் தலைமை விதியாளர்களுள் ஒருவரான ஜெரமி கிராஃபோர்ட். ஏனெனில் சொற்கள் அப்படித்தான் அமைந்துள்ளன என்றார். கண்ணால் காண்பவனுக்கும் காணாதவனுக்கும் வேறுபாடில்லை என்ற இந்த விடையைப் பலர் ஏற்கவில்லை. 2024 திருத்தப் பதிப்பு, காணக்கூடியவருக்கு எதிராக அந்தப் பயன் இல்லை என்று மாற்றி எழுதியது. ஆசிரியரின் வாய்மொழியால் முடியாததை, வாசகரின் பிடிவாதம் பத்தாண்டில் முடித்தது.

தீக்கோளத்துக்குத் திரும்புவோம். நண்பர் புறப்பட்டுப் போன அன்றிரவு பதிப்புகளை வரிசையாக அடுக்கி ஒப்பிட்டேன். ஆட்டத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. 1978 கையேட்டில் தீக்கோளத்துக்கு இரண்டு இயல்புகள் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன: அது பெரிதாக அழுத்தத்தை வெளிப்படுத்தாது, இடத்தின் வடிவத்தை ஏற்று முழுக் கன அளவையும் நிரப்பும். 1989-இன் இரண்டாம் பதிப்பிலும் கன அளவுக் கணக்கு இருக்கிறது. பத்தடிக் கனசதுரம் முப்பத்துமூன்று என்று எளிதாக்கியும் தந்திருக்கிறார்கள். விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் 1997-இல் கைமாறியது. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் வெடிப்பு அழுத்தமே உண்டாக்குவதில்லை எனத்தக்க அளவு குறைவு என்ற செய்தி இருக்கிறது. கன அளவு இல்லை. அதற்குப் பதிலாக, இருபதடி ஆரத்துக்குள் பரவும் வகை என்ற கலைச்சொல் வந்துவிட்டது; அக்கலைச்சொல்லுக்கு நூலின் வேறிடத்தில் தனி வரையறை. 2014-இல் அழுத்தம் பற்றிய செய்தியும் போயிற்று.

பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அடுக்கு போதும். ஒட்டி நின்ற இரு செய்திகளுள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் திருத்தியவரின் கண் அந்த இடத்தில் விழுந்திருக்கிறது. படியெடுப்பவர் கைதவறி விட்ட வரியன்று. அறிந்து எடுத்த வரி. கட்டம் போட்ட பலகையில் பொம்மைகளை நிறுத்தி ஆடும் முறையை அப்பதிப்பு முன்னிறுத்தியது. ஆட்டத்தின் நடுவே கன அடியை வகுத்துக்கொண்டிருப்பது அதற்கு ஒத்துவராது என்பது என் ஊகம். காரணம் எதுவாயினும், 2014-இன் மௌனம் 1978-ஐ உடன்பட்ட மௌனமாக இருக்க முடியாது. இடையில் 2000-இல் ஒருவர் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். முதலுக்கும் கடைசிக்கும் நடுவே உள்ள நூலைப் பார்க்காமல் முதலிலிருந்து கடைசிக்குத் தாவினேன். தொல்காப்பியத்திலிருந்து சிவஞான முனிவருக்குத் தாவி, நடுவே இளம்பூரணரும் மயிலைநாதரும் இருப்பதை மறந்த மாணவனை என் நெறியாளர் என்ன சொல்வாரோ, அதை நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகவே அது இறந்தது விலக்கல். நண்பர் சொன்னதே சரி. நூலில் இல்லாததை வைத்துத்தான் எரித்தேன்.

இதோடு பதிவை முடித்திருக்கலாம். ஆனால் அன்று மாலை இந்த விவாதத்தை எங்கள் தாத்தா கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வட ஆர்க்காட்டிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அச்சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். சுரங்கப்பாதையில் தீ எப்படிப் போகும் என்று ஆறு பேர் அரைமணி நேரம் புத்தகம் புரட்டுவதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அடுத்த நாள் காலை காப்பி குடிக்கும்போது கேட்டார்: “அந்த டிரைவு முனை மூடினதா, காத்து போறதா?”

எனக்கு விடை தெரியவில்லை. நான் வரைந்த வரைபடத்தில் பாதையின் கிழக்கு முனை காகிதத்தின் ஓரத்தோடு முடிந்திருந்தது. அது முட்டுப்பாதையா, வேறெங்காவது திறக்கிறதா என்று நான் முடிவுசெய்யவே இல்லை. பழைய விதியை வாசித்துக் காட்டினேன். அழுத்தம் இல்லை, ஆனால் முழுக் கன அளவையும் நிரப்பும் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். தள்ளாத நெருப்பு எப்படி நீளும் என்றார். நன்னூலின் மற்றொரு நூற்குற்றமான ‘மாறுகொளக் கூற’லை அவர் படிக்காமலே பிடித்துவிட்டார். நாற்பது ஆண்டுகளாக உலகெங்கும் ஆடியவர்கள் இந்த முரணைக் கண்டிருக்கக்கூடும். எனக்கு அது முதன்முறையாகத் தெரிந்தது.

பிறகு அவரே சமாதானமும் சொன்னார். “மருந்து வெடிச்சா தள்ளும். எண்ணெய் பத்திக்கிச்சின்னா ஓடும். ரெண்டும் ஒண்ணில்ல.” மருந்து என்றது வெடிமருந்தை. அழுத்தமில்லை என்பதை வெடியன்று என்று கொண்டால், நிரப்பும் என்பதை ஓடும் என்று கொள்ளலாம். ஓடும் தீ காற்றைத் தேடிப்போகும். இருபுறமும் சமமாக 165 அடி போகாது. மாறுகொளக் கூறல் போலத் தோன்றியதை மாறில்லாமல் முடிக்கும் உரை இது. சொல்லின் பொருளை ஆராய்ந்து கண்டதன்று, பொருளையே பார்த்துக் கண்டது. உரைமரபில் உலகவழக்கை அறிந்து பொருள் கொள்வதற்கு எப்போதும் இடமுண்டு. ஆனால் ஆய்வேட்டில் அடிக்குறிப்பிட முடியாத அறிவு என்பதால் நாம் அதை எட்டவே நிறுத்திவைக்கிறோம்.

தாத்தாவின் சொற்களில் எனக்கு வேறொன்றும் கிடைத்தது. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறுவதை இங்கே ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அரசறிக்கைகளிலும் கோலார் சுரங்கங்களைப் பற்றி அப்பெயரே வருகிறது. வெடிப்பது பாறை, பெயர் காற்றுக்கு. பாறை வெடித்த இடத்தில் நின்றவர் பெயர் வைக்க மீள்வதில்லை என்றும், தொலைவில் நின்று பாதைவழியே வந்த காற்றை வாங்கியவரே பெயர் வைத்தார் என்றும் தாத்தா சொல்கிறார். சொற்பிறப்பாக இதை நான் ஆய்வரங்கில் நிறுவ மாட்டேன். ஆனால் மணல்மேசையை விட்டு வந்தபின்னும் அங்குலமாக நின்ற அங்குலம், கன அளவுக்குப் பக்கத்தில் பிறந்து அது போனபின்னும் ஒரு பதிப்புக்காலம் தனியே நின்ற அழுத்தம், ஆட்சி போனபின் விருதில் நின்ற குவளாலபுரம் ஆகியவற்றோடு இதையும் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இவற்றுள் எதையும் நிற்கும் இடத்தில் வைத்து மட்டும் பொருள் காண முடியவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்ட பிறகே பொருள் திறந்தது.

நூல் சொல்வது ஒன்று, சுரங்கம் சொல்வது வேறு என்றானபின் மேசையில் என்ன செய்வது? நன்னூல் எழுவகை மதம் என்று சொல்பவற்றுள் இருவர் மாறுகொண்ட இடத்தில் ஒருபக்கம் துணிவது ஒன்று. துணிய வேண்டியவன் நான்தான். ஆனால் முதல்முறை துணிந்தபோது என் துணிபு ஆடிமுடித்த ஆட்டத்தின்மீது பின்னோக்கிப் பாய்ந்தது. எறிந்தவர் 2014 நூலை நம்பி எறிந்தார். நான் எறிந்தபின் நூலை மாற்றினேன். பழைய விதி சரியா தவறா என்பதைவிட இதுவே பெரிய தவறு என்று இப்போது படுகிறது. உரைகளில் மூழ்கியவனுக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம், உரையாசிரியர் விளக்கம் சொன்னதும் எவரும் எரிந்துபோவதில்லை என்பதாக இருக்கலாம்.

அடுத்த ஞாயிறு நண்பரின் வீட்டுக்கு நானே பங்காருப்பேட்டைக்குப் போய் அழைத்துவந்தேன். அன்றைய தீக்கோளம் இருபதடியே; பூசாரிப் பெண் இறக்கவில்லை என்று அறிவித்தேன். இனிமேல் ஒடுங்கிய பாதையில் தீ ஓடுமா என்பதைத் தனியே பேசினோம். ஓடட்டும் என்று நால்வர், வேண்டாம் என்று ஒருவர். வேண்டாம் என்றவர் மந்திரவாதி. எதிரது போற்றல் என்று தலைப்பிட்டு, அன்றைய தேதியும் போட்டு, என் பழைய இரண்டு வாக்கியத்துக்கும் கீழே மூன்றாவதாக எழுதினேன்: தீ காற்றுப்போகும் பக்கம் ஓடும், காற்று எப்பக்கம் என்பதை மந்திரம் எறியும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கேட்டால் நான் சொல்லியாக வேண்டும்.

எழுதிய உடனே மந்திரவாதி கேட்டார், இந்தப் பாதையில் காற்று எப்பக்கம் என்று. வரைபடத்தை எடுத்து விரித்தேன். தாத்தா எட்டிப் பார்த்தார். கீழே இறங்க ஒரே ஒரு வழிதான் வரைந்திருந்தேன். ரெண்டாவது வழி இல்லாத சுரங்கத்துல ஆளை எறக்க யார் உங்களுக்குப் பர்மிட் கொடுத்தது என்று கேட்டார். ஆட்டத்தை அரைமணி நேரம் நிறுத்திவைத்துக் கிழக்கு முனையில் ஒரு ஷாஃப்ட் வரைந்தேன்.